போட்டுலினம் ஊசி: போடும் முன் கேட்க வேண்டியவை, போட்ட பின் கவனிக்க வேண்டியவை

2025 ஜூன், ஜூலை மாதங்களில் இங்கிலாந்தில் முகச்சுருக்கம் நீக்கும் ஊசி போட்டுக்கொண்ட 38 பேருக்கு போட்டுலிசம் என்ற நச்சு நோய் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பேர் இதேபோல் பாதிக்கப்பட்டார்கள். போலி மருந்தும், உரிமம் இல்லாதவர்களும், வீட்டிலோ அழகு நிலையத்திலோ போட்ட ஊசிகளும் அந்த விசாரணையில் வெளிப்பட்டன. 2023 தொடக்கத்தில், உடல் எடையைக் குறைப்பதற்காகத் துருக்கியில் இரைப்பைச் சுவரில் இந்த ஊசியைப் போட்டுக்கொண்ட 80-க்கும் மேற்பட்டோருக்கு அதே கதி.

ஆனால் இதே மருந்தைத்தான் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் கால் இறுக்கத்துக்கும், நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கும், கழுத்துத் திருகலுக்கும், அடக்க முடியாத சிறுநீர் உந்துதலுக்கும் மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறார்கள். ஊசிக்குத் தேதி வாங்கியிருப்பவர்கள் குழம்புவதில் வியப்பில்லை. அவர்கள் கையில் கிடைக்கும் அறிவுரைத் தாளோ பெரும்பாலும் 'குனியாதீர்கள், தேய்க்காதீர்கள்' என்பதோடு நின்றுவிடுகிறது. உண்மையான பாதுகாப்பில் பெரும்பகுதி ஊசி உடலில் இறங்குவதற்கு முன்பே முடிவாகிவிடும். மீதி, அடுத்த சில வாரங்களில் எந்த அறிகுறியை அலட்சியம் செய்யக் கூடாது என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது.

மருந்து உடலில் செய்யும் வேலை

கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் புரதம் இது. இதில் பல வகைகள் இருந்தாலும் மருத்துவத்தில் பயன்படுபவை 'ஏ', 'பி' என்ற இரண்டுதான். நரம்பு தசையைச் சுருங்கச் சொல்லும்போது நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியேற வேண்டும். 'ஏ' வகை நச்சு நரம்பு முனைக்குள் புகுந்து, அந்த வெளியேற்றத்துக்குத் தேவையான ஸ்நாப்-25 என்ற புரதத்தை வெட்டிவிடுகிறது. கட்டளை தசையைச் சென்றடைவதில்லை, தசை தளர்கிறது. வியர்வைச் சுரப்பிக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் சிறுநீர்ப்பைக்கும் இதே வேதிப்பொருள்தான் தூது என்பதால் அங்கும் இது வேலை செய்கிறது.

நோயாளி கவனிக்க வேண்டிய விஷயம் இதன் கால அட்டவணை. ஊசி போட்ட அன்றே எதுவும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் தளர்ச்சி தொடங்கும், ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முழு விளைவு தெரியும், மூன்று நான்கு மாதத்தில் நரம்பு மீண்டுவிடும். பக்கவிளைவும் பெரும்பாலும் இதே அட்டவணைப்படிதான் வரும். 'ஊசி போட்டு ஐந்து நாளாகிவிட்டது, இனி அதனால் ஒன்றும் இருக்காது' என்ற கணக்கு அதனால் தவறு. வந்துவிட்ட விளைவை உடனே திருப்ப மாற்று மருந்து கிடையாது என்பதையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

'பரவல்' என்ற சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துகிறார்கள். ஊசி போட்ட தசையிலிருந்து மருந்து பக்கத்துத் தசைக்குக் கசிவது ஒன்று. இமை தொங்குவது, புன்னகை கோணுவது எல்லாம் இந்த வகை. தொந்தரவுதான், ஆனால் சில வாரங்களில் சரியாகும். ஊசி போட்ட இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில் தளர்ச்சி வருவது இரண்டாவது வகை. இது அரிது, உயிருக்கு ஆபத்தானது. இந்தத் தொலைப்பரவலுக்காகத்தான் 2009-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எல்லா போட்டுலினம் மருந்துகளின் விவரக் குறிப்பிலும் கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. அதிக ஆபத்து, தசை இறுக்கத்துக்காக ஊசி பெறும் குழந்தைகளுக்கு என்று அந்த எச்சரிக்கை குறிப்பிடுகிறது. அவர்களுக்கு உடல் எடைக்குப் பெரிய அளவு தேவைப்படுவதும், விழுங்குதலும் மூச்சும் பலருக்கு ஏற்கெனவே பலவீனமாக இருப்பதும் கவலையைக் கூட்டுகின்றன.

யூனிட் கணக்கில் நடக்கும் தவறு

இந்த மருந்தை மில்லிகிராமில் அளப்பதில்லை, யூனிட்டில் அளக்கிறார்கள். எலிகள் மீது செய்யும் ஒரு சோதனையிலிருந்து வந்த அளவு அது. ஒவ்வொரு நிறுவனத்தின் சோதனை முறையும் வேறு. அதனால் ஒரு தயாரிப்பின் ஒரு யூனிட், இன்னொன்றின் ஒரு யூனிட்டுக்குச் சமம் ஆகாது. போட்டாக்ஸ், டிஸ்போர்ட் இரண்டும் 'ஏ' வகை மருந்தின் வணிகப் பெயர்கள். புருவ நடுச் சுருக்கத்துக்கு போட்டாக்ஸில் 20 யூனிட் என்றால் டிஸ்போர்ட்டில் 50 யூனிட். கழுத்துத் திருகலுக்கு டிஸ்போர்ட்டின் தொடக்க அளவு 500 யூனிட். அதே எண்ணை போட்டாக்ஸில் எடுத்தால், பெரியவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் மொத்தமாகக் கொடுக்கலாம் என்று அதன் குறிப்பு வகுத்திருக்கும் 400 யூனிட் உச்சவரம்பையே தாண்டிவிடும். 'பி' வகையின் யூனிட்டோ ஆயிரக்கணக்கில் போகும்.

ஆகவே 'போன முறை 100 யூனிட் போட்டார்கள்' என்று புது மருத்துவரிடம் சொல்வது பாதித் தகவல்தான். பெயரும் சேர்ந்தால்தான் அது முழுமை.

குழந்தைகளுக்கு போட்டாக்ஸின் வரம்பு வேறு: மூன்று மாதத்தில் கிலோவுக்கு 10 யூனிட் அல்லது 340 யூனிட், இரண்டில் எது குறைவோ அது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 யூனிட் மட்டுமே. காலுக்கு எலும்பு மருத்துவரும், எச்சில் வடிவதற்கு வேறொரு மருத்துவரும் தனித்தனியே ஊசி போடும்போது இந்த மொத்தக் கணக்கை யாருமே கூட்டிப் பார்க்காமல் போகலாம். பெற்றோர் இரண்டு இடத்திலும் மற்றதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரே நபர் ஒற்றைத் தலைவலிக்கு 155 யூனிட் போட்டுக்கொண்டு, அடுத்த மாதம் அழகுக்காக வேறிடத்தில் போட்டுக்கொண்டாலும் இதே கதைதான்.

குப்பியும் கலவையும்

மருந்து பெரும்பாலும் குப்பியில் உலர்ந்த நிலையில் வரும். கலப்பதற்கு முன் போட்டாக்ஸை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். 0.9% சோடியம் குளோரைடு கரைசலைச் சேர்த்துத்தான் ஊசிக்கு எடுப்பார்கள். எவ்வளவு சேர்க்கிறோம் என்பதில் அடர்த்தி மாறும். 100 யூனிட் குப்பியில் 2.5 மி.லி. சேர்த்தால் 0.1 மி.லி.க்கு 4 யூனிட். 1 மி.லி. மட்டும் சேர்த்தால் அதே 0.1 மி.லி.க்கு 10 யூனிட். சிரிஞ்சில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கலந்தவர் ஒருவர், போடுபவர் இன்னொருவர் என்று இருக்கும் இடத்தில், கலவை விவரம் குப்பியிலோ சிரிஞ்சிலோ எழுதப்படவில்லை என்றால் இரண்டரை மடங்கு தவறு நடப்பதற்கு ஒரு கணம் போதும்.

நோயாளியாக நீங்கள் கேட்கவும் பார்க்கவும் வேண்டியவை:

1. மூடிய குப்பியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், யூனிட் எண், தொகுப்பு எண், காலாவதித் தேதி நான்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மருத்துவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.
2. ஏற்கெனவே சிரிஞ்சில் ஏற்றி வைத்திருந்தால், எப்போது, எவ்வளவு கரைசலில் கலந்தது என்று கேளுங்கள். போட்டாக்ஸின் குறிப்புப்படி கலந்த மருந்தைக் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஒரு குப்பி ஒரு நோயாளிக்குத்தான்.
3. பெட்டியில் எழுத்துப் பிழை, ஒட்டியது போன்ற லேபிள், பெட்டிக்கும் குப்பிக்கும் வேறு வேறு தொகுப்பு எண், கேள்விப்படாத பெயர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடலாம்.
4. மூச்சுத் திணறலோ கடும் ஒவ்வாமையோ வந்தால் அந்த இடத்தில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேளுங்கள். வரவேற்பறைச் சோபாவில் ஊசி போடும் இடத்தில் இதற்குப் பதில் இருக்காது.

போலி மருந்தில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், அளவுக்கு மேல் பல மடங்கு நச்சும் இருக்கலாம். 2004-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நான்கு பேருக்கு மனிதர்களுக்கு உரிமம் பெறாத அடர்த்தியான நச்சு ஊசியாகப் போடப்பட்டது. நால்வருமே தசைகள் செயலிழந்து செயற்கைச் சுவாசத்துக்குப் போனார்கள். 'விலை குறைவு' என்ற ஒரே காரணத்துக்காக இடத்தை மாற்றுபவர்கள் இந்த நிகழ்வை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

1. நரம்பு–தசை நோய்கள்: மயஸ்தீனியா கிராவிஸ், லாம்பர்ட்–ஈட்டன், ஏ.எல்.எஸ். போன்றவை இருந்தால் சாதாரண அளவே கடும் தளர்ச்சியை உண்டாக்கலாம். நோய் இன்னும் கண்டுபிடிக்கப்படாமலும் இருக்கலாம். மாலையானால் இமை சரிவது, பார்வை இரண்டாகத் தெரிவது, மெல்லும்போது பாதியில் தாடை சோர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் எது இருந்தாலும் 'களைப்பு' என்று ஒதுக்காமல் சொல்லுங்கள்.
2. விழுங்குவதில், பேசுவதில், மூச்சில் ஏற்கெனவே உள்ள சிரமம். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுவதும் இதில் சேரும்.
3. மருந்துகள்: ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற அமினோகிளைகோசைடு ஆன்டிபயாட்டிக்குகள் தளர்ச்சியைக் கூட்டும். தசைத் தளர்ப்பு மாத்திரைகளும் அப்படியே. சிறுநீர்ப்பைக்கோ குடலுக்கோ எடுக்கும் ஆன்டிகோலினெர்ஜிக் மருந்துகள் வாய் வறட்சியையும் மலச்சிக்கலையும் அதிகமாக்கும்.
4. ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்துகள்: இவற்றால் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஊசிக்காக அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு நீலத் தழும்பைத் தவிர்க்கப் போய்ப் பக்கவாதத்தை வரவழைக்கும் வேலை அது.
5. ஒவ்வாமை: முன்பு எந்த போட்டுலினம் மருந்துக்கும் ஒவ்வாமை வந்திருந்தால் இனி ஊசி வேண்டாம். பசும்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டிஸ்போர்ட் கூடாது. பல தயாரிப்புகளில் மனித ரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமின் என்ற புரதம் சேர்ந்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.
6. கர்ப்பம், கர்ப்பத் திட்டம், தாய்ப்பால் கொடுப்பது: போதிய மனித ஆய்வுத் தரவு இல்லை. அழகுக்கான ஊசியைத் தள்ளிப்போடுவதே முறை. நோய்க்கான ஊசி என்றால் மருத்துவர் பலனையும் ஆபத்தையும் எடைபோடுவார்.
7. ஊசி போடும் இடத்தில் புண், பரு வீக்கம், தொற்று. அது ஆறும்வரை அந்த இடத்தில் ஊசி இல்லை.
8. முகவாதம் வந்த வரலாறு, இமை அறுவை சிகிச்சை, உலர்ந்த கண்.

இடத்துக்கு ஏற்ப மாறும் கவனம்

புருவமும் நெற்றியும்: இமையைத் தூக்கும் தசைக்கு மருந்து கசிந்தால் இமை தொங்கும். அதனால்தான் புருவ நடு ஊசிகளில் பக்கவாட்டுப் புள்ளிகளை, புருவ எலும்பு விளிம்புக்குக் குறைந்தது 1 செ.மீ. மேலே வைக்கிறார்கள். தொங்கிவிட்டால் அப்ராக்ளோனிடின் கண் சொட்டு மருந்து, இமையில் உள்ள வேறொரு சிறு தசையைத் தூண்டி ஓரிரு மில்லிமீட்டர் உயர்த்தும். குணமாக்காது, சமாளிக்க உதவும். கண் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். நெற்றிச் சுருக்கத்துக்கு அதிகம் போட்டால் புருவமே இறங்கும், காரணம் அதைத் தூக்க அந்த ஒரு தசைதான் இருக்கிறது. வயதானவர்களில் பலர் தளர்ந்த இமையை நெற்றியால்தான் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்பதை ஊசி போட்ட பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

கண்ணைச் சுற்றி: இமை இறுக்க நோய்க்கு ஊசி போட்ட பின் கண் சிமிட்டுவது குறைந்து கருவிழி காயலாம், புண்ணாகலாம். கண்ணில் மண் விழுந்தது போன்ற உறுத்தல், வலி, சிவப்பு, வெளிச்சம் கூசுவது வந்தால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதுவரை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் கண் களிம்பு.

கழுத்து: விழுங்கும் சிரமம் இங்கே முக்கிய ஆபத்து. காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புவரை ஓடும் தசையில் போட்டாக்ஸ் அளவை 100 யூனிட்டுக்குள் வைத்தால் இந்தச் சிரமம் குறைவதாகவும், இரு பக்கமும் போட்டால் கூடுவதாகவும் மருந்துக் குறிப்பு சொல்கிறது. முதல் இரண்டு வாரம் சிறு கவளமாக, நிமிர்ந்து உட்கார்ந்து, பேசாமல் சாப்பிடுங்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தால் மருத்துவரை அழையுங்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வருவது இப்படித்தான்.

சிறுநீர்ப்பை: சிறுநீர்த் தொற்று இருந்தால் ஊசி கிடையாது. ஊசிக்கு முன்னும் பின்னும் சில நாள் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், அமினோகிளைகோசைடு வகையைத் தவிர்த்து. பின்பு சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தேங்கலாம். இரண்டு வாரத்துக்குள் மிச்சச் சிறுநீரை ஸ்கேனில் அளப்பது கட்டாயம். 200 மி.லி.க்கு மேல் தேங்கினால் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) தேவைப்படலாம். தேவைப்பட்டால் தானே கதீட்டர் போட்டுக்கொள்ளத் தயாரா என்ற கேள்விக்கு ஊசிக்கு முன்பே பதில் வேண்டும். தண்டுவடத்தில் மார்புப் பகுதி ஆறாம் எலும்புக்கு மேலே காயம் உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சையின்போது திடீர் தலைவலியும் முகம் சிவந்து வியர்வையும் ரத்த அழுத்த ஏற்றமும் வரலாம். அது அவசர நிலை.

கை, கால் இறுக்கம்: இறுக்கமான கால்தான் சிலருக்கு ஊன்றுகோல். அது தளர்ந்தவுடன் நிற்க முடியாமல் விழுகிறார்கள். இரண்டாவது வாரம் இதில் ஆபத்தான காலம். பிசியோதெரபி, நடைக்கருவி, ஆள் துணை ஆகியவற்றை அந்த வாரத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

தாடைத் தசையில் போட்டால் மெல்லும்போது சோர்வும் சிரிப்பில் கோணலும் வரலாம். உள்ளங்கை வியர்வைக்குப் போட்டால் பிடிமானம் குறையலாம். அக்குளில் இதுபோன்ற சிக்கல்கள் மிகக் குறைவு.

முதல் நாள் விதிகள்

நான்கு மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, 24 மணி நேரம் உடற்பயிற்சி கூடாது, மது கூடாது, முகத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது என்ற பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கும். இவற்றில் பலவற்றுக்குப் பின்னால் வலுவான ஆய்வு இல்லை. கடைப்பிடிப்பதில் நஷ்டமும் இல்லை. தேய்ப்பதையும் மசாஜையும் இறுக்கமான தலைப்பட்டையையும் தவிர்ப்பது தர்க்கப்படி சரி: நரம்பு முனையில் ஒட்டிக்கொள்ளும் முன் மருந்தை நகர்த்தாமல் இருப்பதற்காக. உடற்பயிற்சியையும் மதுவையும் தவிர்த்தால் ரத்தக்கட்டு குறையலாம். ஆனால் தெரியாமல் அரை மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டதற்காக யாரும் பதற வேண்டாம்.

ஊசிப் புள்ளியில் ரத்தம் கசிந்தால் சுத்தமான பஞ்சை மெதுவாக வைத்து அழுத்தலாம், தேய்க்காமல். வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டி. லேசான தலைவலிக்கு பாராசிட்டமால் போதும். பார்வை மங்கினாலோ இரண்டாகத் தெரிந்தாலோ வண்டி ஓட்டக் கூடாது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

தொலைப்பரவலின் அறிகுறிகள் சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். ஊசி போடாத இடத்தில் தளர்ச்சி என்பதே அடிப்படை அடையாளம்.

1. இரண்டு இமையும் தொங்குவது, பார்வை மங்குவது, இரட்டைப் பார்வை.
2. பேச்சு குழறுவது, குரல் கம்முவது, மூக்கால் பேசுவது போலாவது.
3. விழுங்க முடியாமை, வாய் மிக வறண்டு போவது.
4. தலையைத் தூக்கி வைக்க முடியாத கழுத்துச் சோர்வு, பிறகு கைகள், கால்கள்.
5. மூச்சு வாங்குவது, மல்லாந்து படுத்தால் திணறல்.
6. புதிதாக வந்த கடும் மலச்சிக்கல், சிறுநீர் கட்டுப்படாமை.

முகத்தில் தொடங்கி இரு பக்கமும் கீழ்நோக்கி இறங்குவது போட்டுலிசத்தின் போக்கு. நினைவு தெளிவாக இருக்கும், பொதுவாகக் காய்ச்சல் இருக்காது, தோல் மரத்துப் போகாது. பார்ப்பவர்கள் பக்கவாதம் என்றோ பயம் என்றோ நினைத்துவிட இடமுண்டு. எனவே அவசரப் பிரிவில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், போட்டுலினம் ஊசி எந்தத் தேதியில், எங்கே போட்டுக்கொண்டீர்கள் என்பது. வெட்கத்துக்காகவோ ஊசி போட்டவருக்குப் பிரச்சினை வரும் என்பதற்காகவோ இதை மறைப்பவர்கள் உண்டு. அந்தத் தாமதத்துக்கு நுரையீரல்தான் விலை கொடுக்கும். விழுங்க முடியாதபோது மாத்திரையோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது.

விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் சரியாக இருக்கிறது என்பதை வைத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். மூச்சுத் தசை சோரும்போது ஆக்சிஜன் எண் கடைசி நேரத்தில்தான் விழும். மூச்சின் கொள்ளளவை அளந்து பார்ப்பதே சரியான கண்காணிப்பு.

போட்டுலிசத்துக்கு எதிர்நச்சு மருந்து இருக்கிறது. ஆனால் அது ரத்தத்தில் சுற்றும் நச்சை மட்டும்தான் முடக்கும், நரம்புக்குள் புகுந்துவிட்டதைத் தொட முடியாது. ஏற்கெனவே விழுந்த தசையை அது எழுப்பாது, மேலும் விழாமல் தடுக்கும். ஆகவே ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் சந்தேகத்தின் பேரிலேயே அதைக் கொடுக்க வேண்டும்.

அடுத்த ஊசியும் பதிவும்

இரண்டு வாரம் முடியும் முன் 'சரியாகப் பிடிக்கவில்லை' என்று கூடுதல் ஊசி கேட்காதீர்கள். முழு விளைவு அப்போதுதான் தெரியும். ஒற்றைத் தலைவலிக்கும் தசை இறுக்கத்துக்கும் இரண்டு ஊசிகளுக்கு இடையே குறைந்தது 12 வாரம் விடுவது வழக்கம். இடைவெளி குறைந்து அளவு கூடினால், உடல் அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி மருந்து வேலை செய்யாமல் போகும் வாய்ப்பும் கூடும். முகச்சுருக்கத்துக்கு அவசரப்பட்டு அப்படி ஆகிவிட்டால், பின்னாளில் கழுத்துத் திருகலோ பக்கவாத இறுக்கமோ வரும்போது நல்லதொரு மருந்து கையில் இருக்காது.

ஒவ்வொரு முறையும் தேதி, மருந்தின் பெயர், மொத்த யூனிட், எந்தத் தசையில் எவ்வளவு, தொகுப்பு எண், பின்பு வந்த தொந்தரவு ஆகியவற்றைக் குறித்து வாங்கி வையுங்கள். அடுத்த சில மாதங்களுக்குள் எந்த அறுவை சிகிச்சை என்றாலும் இதை மயக்க மருத்துவரிடம் காட்ட வேண்டும்: அவர் கொடுக்கும் தசைத் தளர்ப்பு மருந்தின் வீரியம் இந்த ஊசியால் கூடக்கூடும்.